ஐந்தாம் கட்டை

இராமநாதபுரம்
2-10-1964

அன்புள்ள பூமயிலுக்கு,

நலம். நீயும் உன் தம்பி பால்சாமியும் தனுஷ்கோடியில் சுகமாக இருக்க வேண்டும். மூன்று வருஷமாக என் கடிதத்துக்கு நீ பதில் போட்டதில்லை. இதற்குப் போடுவாய்.

கமுதியில் ஒரு நாடகக் கம்பெனி கலைந்து, சாமான்களை விற்கிறார்கள் என்று போனேன். நம் கடை பழைய வாத்தியம் வாங்கி விற்கிற கடைதானே, மூங்கில் குழலைக்கூட விடுவதில்லை. அங்கே மூலையில் நம் கனியின் ஆர்மோனியப் பெட்டி கிடந்தது. மூடிக்கு உள்பக்கம் அவள் ஆணியால் கீறிய மயில் அப்படியே இருக்கிறது. கோழி மாதிரி இருக்கிறது என்று நீ சிரிப்பாயே, அதே மயில்.

அறுபது ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். ரயில் பார்சலில் உனக்கு அனுப்புகிறேன். காசுப் பேச்சு வேண்டாம்.

உன்
மருதுபாண்டி


தனுஷ்கோடி
8-10-1964

ஸ்டேஷன் ரோடு வாத்தியக் கடைக்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. நம் பிள்ளை கனி காய்ச்சலில் இறந்து, பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் அவள் பெட்டியை விற்றவர் நீங்கள். பார்க்கப் பொறுக்கவில்லை என்று அப்போது சொன்னீர்கள். எனக்குப் பொறுக்குமா என்று கேட்கவில்லை. விற்ற கையால் இனாம் கொடுக்க வேண்டாம்.

பெட்டி எனக்கு வேண்டும். ஊராருக்கு என்ன விலையோ அந்த விலைக்கு, விற்பனை வரி போட்டு, ரசீதோடு. துறைமுகத்தில் கப்பலுக்குப் போகிறவர்களுக்கு இட்லி விற்கிறேன். என்னிடம் காசு இருக்கிறது.

பூமயில்


இராமநாதபுரம்
14-10-1964

அன்புள்ள பூமயிலுக்கு,

விலையைக் குறைக்கச் சொல்லி மல்லுக்கு நிற்கிறவர்களைத்தான் இத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறேன். கூட்டிப் போடச் சொல்கிற கிராக்கி நீ ஒருத்திதான்.

சரி. ஊராருக்கென்றால் தொண்ணூறு சொல்லுவேன். வரி ஒரு ரூபாய் எண்பது. பழைய சாமானானாலும் கடைக்காரன் விற்றால் வரி உண்டு. புருஷன் பெண்டாட்டிக்குக் கொடுத்தால் கிடையாது. இன்னும் யோசித்துக்கொள்.

ரசீதில் வாங்குபவர் பெயர் எழுத வேண்டும். மருதுபாண்டி மனைவி என்று எழுதட்டுமா?

உன்
மருதுபாண்டி


தனுஷ்கோடி
21-10-1964

கடைக்காரருக்கு,

தொண்ணூற்றொரு ரூபாய் எண்பது பைசா மணியார்டர் செய்திருக்கிறேன். பூமயில், தனுஷ்கோடி என்று எழுதினால் போதும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ஐந்தாம் கட்டையைத் தொட வேண்டாம். கனி கருப்பட்டிப் பாகைக் கொட்டிவிட்டாளே, அதிலிருந்து அது அழுத்தினால் எழுந்திருக்காது. கையை எடுத்த பிறகும், துருத்தியில் காற்று தீருகிறவரை பாடிக்கொண்டிருக்கும். அடுப்படியில் இருந்தபடியே எனக்குத் தெரிந்துவிடும், பெட்டியைத் திறந்து போட்டுவிட்டு விளையாட ஓடிவிட்டாளென்று. "ஏய் கனி, பெட்டியை மூடிட்டுப் போடி" என்று சத்தம் போடுவேன்.

எனக்கு வாசிக்கத் தெரியாது. அந்தச் சத்தத்துக்காகத்தான் வாங்குகிறேன்.

பூமயில்


இராமநாதபுரம்
23-10-1964

அன்புள்ள பூமயிலுக்கு,

பணம் வந்தது. பெட்டியை நேற்றே பார்சலில் ஏற்றிவிட்டேன். ரசீது உள்ளே இருக்கிறது.

நான்கு நாள் மற்ற வேலையெல்லாம் விட்டு அதிலேயே உட்கார்ந்திருந்தேன். துருத்திக்குப் புதுத் தோல் ஒட்டி, ஸ்வரங்களைச் சேர்த்து, அந்த ஐந்தாம் கட்டையையும் கழற்றிப் பாகைச் சுரண்டி, வேறு ஸ்பிரிங் போட்டுவிட்டேன். இப்போது பட்டென்று எழுந்திருக்கிறது. குறையுள்ள சரக்கை நம் கடையிலிருந்து ஒரு நாளும் அனுப்பியதில்லை. உனக்கா அனுப்புவேன்?

பி.கு. இதை ஒட்டப் போகும்போது தபால்காரர் உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். படித்தேன். ஐயோ பூமயில், நான் என்ன செய்துவிட்டேன்.

மருதுபாண்டி


தனுஷ்கோடி
30-10-1964

கடைக்காரருக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. ஐந்தாம் கட்டையை அழுத்தினேன். கையை எடுத்ததும் நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தேன். பால்சாமி வந்து என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

பிள்ளை மூச்சு நின்றபோது நான் பக்கத்தில் இருந்தேன். இது இரண்டாம் தடவை.

உங்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் ஆத்திரமாக இருக்கிறது. இனி எழுத வேண்டாம்.

பூமயில்


இராமநாதபுரம்
20-11-1964

பூமயிலுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்.

கருப்பட்டிப் பாகு காய்ச்சி, கடையில் கிடந்த வேறொரு பெட்டியில் ஊற்றிப் பார்த்தேன். கட்டை ஒட்டத்தான் ஒட்டுகிறது. ஆனால் சத்தம் சளி பிடித்தது மாதிரி வருகிறது, அவளுடைய சத்தம் வரவில்லை. அந்தப் பெட்டியும் வீணாகிவிட்டது. கடைக்கு வந்த ஒருவர் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்றுகூடக் கேட்டார்.

விற்ற சாமானைத் திருப்பி எடுத்தால் வரியைக்கூடக் கணக்கில் கழித்துத் தருவார்கள். இதற்கு எந்த ஆபீசில் போய் நான் மனுக் கொடுப்பது? கடையைத் திறக்கவே பிடிக்கவில்லை.

மருதுபாண்டி


தனுஷ்கோடி
16-12-1964

கனி அய்யாவுக்கு,

நமஸ்காரம். மூன்று வருஷத்துக்குப் பிறகு, பிள்ளையின் தகப்பனார் என்று உங்களை இப்படிக் கூப்பிடுகிறேன். காரணம் இருக்கிறது.

இங்கே மழை விட்டபாடில்லை. உப்புக்காற்றில் வீட்டுக் கதவெல்லாம் ஊதிப்போய்ச் சாத்த முடியவில்லை. நேற்று நான் அடுப்படியில் மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. நிற்காமல் வந்தது. என்னையறியாமல் "ஏய் கனி, பெட்டியை மூடிட்டுப் போடி" என்று கத்திவிட்டேன். போய்ப் பார்த்தால் அங்கே யாரும் இல்லை. பெட்டி திறந்து கிடக்கிறது, ஐந்தாம் கட்டை அமுங்கிக் கிடக்கிறது, பாடிக்கொண்டே இருக்கிறது.

பால்சாமி துடைப்பதற்காகத் திறந்து துருத்தியை அசைத்தானாம். கட்டையில் கை பட்டதாம், யாரோ கூப்பிட்டார்களென்று வாசலுக்குப் போனானாம். மழையில் மரம் ஊறி ஒட்டிக்கொண்டதாம். அவன் சொல்வதை நம்புகிறேன். ஆனாலும் அவள் வந்துவிட்டுப் போன மாதிரிதான் இருந்தது. எனக்குப் பயமாக இல்லை.

நீங்களும் வந்து ஒரு தடவை கேளுங்கள். வெயில் அடித்தால் மரம் காய்ந்து சரியாகிவிடும் என்கிறான். மழை இருக்கும்போதே வாருங்கள்.

பூமயில்


இராமநாதபுரம்
19-12-1964

என் அன்புள்ள பூமயிலுக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேனோ. என்னைக் கூப்பிட்டிருக்கிற முதல் வரியை மட்டும் இன்னும் அதிகம்.

வருகிற செவ்வாய்க்கிழமை, 22ஆம் தேதி, கடையைப் பூட்டிவிட்டுப் புறப்படுகிறேன். பாம்பனில் தனுஷ்கோடிக்குப் போகும் ராத்திரி வண்டியைப் பிடிப்பேன். இன்னும் சீக்கிரம் வரலாம். பள்ளிக்கூடத்துக்கு ஒரு மிருதங்கம் கொடுப்பதாகத் திங்கட்கிழமைக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

நீ சிரிப்பது கேட்கிறது. கல்யாணத்தன்றே வண்டியைத் தவறவிட்டு, கருவாட்டு லாரியில் வந்து இறங்கிய மாப்பிள்ளைதான் நான். இந்த வண்டியைத் தவறவிட மாட்டேன். பெட்டியைக் கழற்றத் திருப்புளி ஒன்றும் எடுத்து வரவில்லை, பயப்படாதே. வெறுங்கையோடுதான் வாரேன்.

மழை அதுவரை நிற்காமல் இருக்க வேண்டும்.

உன்
கனி அய்யா


மண்டபம் முகாம்
11-1-1965

கனி அய்யாவுக்கு,

இங்கே வந்த பிறகு இது மூன்றாவது கடிதம். நானும் பால்சாமியும் உயிரோடு இருக்கிறோம். நீங்கள் வருவதாக எழுதிய அன்று ராத்திரி, புயலில் கடல் ஊருக்குள் வந்தபோது மணல்மேட்டில் ஏறிக்கொண்டோம். வீடு இல்லை. பெட்டி இல்லை. ஊரே இல்லை. ஸ்டேஷனுக்கு வந்துகொண்டிருந்த ராத்திரி வண்டியைக் கடல் கொண்டுபோய்விட்டது என்கிறார்கள். அதில் ஒருவரும் பிழைக்கவில்லையாம்.

இங்கே ஒரு அதிகாரி வந்து, அந்த வண்டியில் யாருக்காவது சொந்தக்காரர் வந்தார்களா என்று கேட்டு எழுதுகிறார். என் முறை வந்தது. "வீட்டுக்காரர் பேர் சொல்லும்மா" என்றார். "புருஷன் பேரைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லீங்க" என்று சொல்லிவிட்டேன். பால்சாமி வாயைத் திறக்கப் போனான். அவன் கையைக் கிள்ளி அடக்கினேன். சொன்னால் அந்தத் தாளில் எழுதிவிடுவார்கள். நான் சொல்லவே மாட்டேன்.

இராமநாதபுரம் போய்க் கடையைப் பார்த்து வருகிறேன் என்று அவன் தினமும் புறப்படுகிறான். நான்தான் விடவில்லை. கடை பூட்டியிருந்தது என்று வந்து சொன்னால் நான் என்ன செய்வேன்? மழை இருக்கும்போதே வாருங்கள் என்று எழுதியவள் நான்.

இங்கே வெயில் வந்துவிட்டது. ஆனாலும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது, கட்டை அமுங்கிக் கிடக்கிற மாதிரி. இப்போதெல்லாம் நான் யாரையும் மூடச் சொல்வதில்லை.

எத்தனையோ வண்டியைத் தவறவிட்ட மனுஷர் நீங்கள். இதையும் தவறவிட்டுவிட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள். நான் திட்ட மாட்டேன்.

உங்கள்
பூமயில்