சவுக்கடிச் சட்டை

யூலை 27, திங்கள்

வெக்கை. கடை மின்விசிறியில் சத்தம் உண்டு, காற்று இல்லை.

முதலில் மானக்கேட்டை எழுதிவிடுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள். கரிபியன்காரரின் கார்னிவல் என்றால் இறகு கட்டிய பெண்கள் அரைகுறை உடுப்பில் குலுக்கிக்கொண்டு போவது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அதனால் வருஷா வருஷம் கார்னிவல் சனிக்கிழமை இவரை றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவேன். மனுசன் என்னைப் பெரிய பக்தை என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

இன்று கெல்வின் கார்னிவலுக்கு ஒரு சட்டை தைக்கக் கேட்டான். இந்தச் சலவைக் கடையில் நான் தையல், அவன் அயன் போடுகிறவன். ட்ரினிடாட்காரன். ஐம்பது வயது. அவனுடைய வயிறு அவனுக்கு முன்னமே வேலைக்கு வந்துவிடும். அவன் பேசுவது இங்கிலிஷ். எனக்கு எழுத வருவது தமிழ் மட்டும். ஆகவே இந்தக் கொப்பியில் அவனும் யாழ்ப்பாணத்தான்.

"இறகு எங்கை குத்திறது, பின்னுக்கோ?"

"இறகு இல்லை ராசாத்தி. இது ஜப் ஜப். பேய் வேஷம்."

பளபளக்கிற சற்றின் துணி, பாதி சிவப்பு, பாதி மஞ்சள். ஓரமெல்லாம் மணி. நெஞ்சில் கண்ணாடித் துண்டுகள்.

"கண்ணாடி ஏன்? பவுடர் பூசவோ?"

"அடிக்க வாறவன் தன்ரை மூஞ்சியைப் பாக்க."

யூலை 28, செவ்வாய்

கதை முழுக்கக் கேட்டேன். அயன் ஆவிக்குள் நின்றுதான் சொன்னான். கரும்புத் தோட்டத்தில் அடிமையாய்க் கிடந்த இவர்களின் முன்னோரைத் துரைமார் சவுக்கால் அடித்தார்களாம். விடுதலை கிடைத்த பிறகு, கார்னிவலில் அதே சவுக்கை இவர்கள் எடுத்தார்கள். பேய் வேஷம் போட்டு ஒருவரையொருவர் அடிக்கிறார்கள்.

"இனி அடிச்சாலும் நாங்கள், வாங்கினாலும் நாங்கள். துரைக்கு அதிலை பங்கில்லை."

நெஞ்சுக் கண்ணாடிகளை இன்னும் இறுக்கித் தைத்தேன்.

இவன் அடிக்கப் போவது சொந்த அண்ணன் கார்ல்ரனை. தாய் கடைசி மூச்சில் கிடந்தபோது கெல்வின் தூரத்துப் பிறம்ரனிலிருந்து வந்துகொண்டிருந்தான். நெடுஞ்சாலையில் நெரிசல். அண்ணன் காத்திருக்காமல் மூச்சு மெஷினை நிற்பாட்டச் சொல்லிவிட்டான். அன்றைக்கு நின்ற பேச்சு.

அவர்கள் வீட்டு விதி: சகோதரர் கோபித்தால் கார்னிவல் நாளில் வளையத்துக்குள் இறங்கி அடித்துத் தீர்ப்பது, ஒருவன் சவுக்கைக் கீழே போடும்வரை. பிறகு அந்தக் கதையை ஒருவரும் எடுக்கக் கூடாது. உடம்பில் துணி மட்டும், உள்ளே மெத்தை கித்தை இருந்தால் கோழை. இந்த வருஷம்தான் அண்ணன் ஓம் என்றிருக்கிறான்.

"அப்பவும் தீராட்டி?"

"தீராட்டி எனக்கு அண்ணன் இல்லை."

யூலை 30, வியாழன்

சவுக்கைக் கொண்டுவந்து காட்டினான். முறுக்கிய கயிறு, பிடி என் மணிக்கட்டுத் தடிப்பு. கடைக்குப் பின்னால் ஒரு பழைய மெத்தையில் ஓர் அடி. மெத்தை பிளந்து கம்பி வெளியே வந்தது. பிறஷருக்குக் குளிசை விழுங்குகிற மனுசன் இவன்.

பின்னேரம் வீட்டில் இவருடைய குளிர்கால ஜக்கெற்றை வெட்டினேன். உள்ளே இருந்த வாத்து இறகு அவ்வளவும் ஜப் ஜப் சட்டைக்குள். முதுகுப் பக்கம் கொஞ்சம் கூடுதலாக.

"இஞ்சாரும், என்ரை விண்டர் ஜக்கெற் எங்கை?"

"இந்த வெக்கைக்கை உங்களுக்கேன் ஜக்கெற்?"

"சும்மா கேட்டனான்."

உலகத்தில் வேறு எவனும் இந்த மாதத்தில் ஜக்கெற் தேடமாட்டான்.

யூலை 31, வெள்ளி

கெல்வின் போட்டுப் பார்த்தான். "துணி தடிச்சு மொத்தமாக் கிடக்கு."

"அது சட்டையில்லை, உன்ரை வண்டி வயிறு."

சிரித்தான். நம்பிவிட்டான், பாவி.

ஓகஸ்ட் 1, சனி

வந்து சப்பாத்தும் கழற்றாமல் எழுதுகிறேன். எழுத்துக் கோணல்.

இவர் கோயிலுக்குத் தனியே. நான் டோர்செட் பார்க்கில், மாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் உள்ள புல்வெளியில். மேளம். சனம் வட்டமாக. கார்ல்ரன் தம்பியைப் போல இல்லை, லைற் போஸ்ற் மாதிரி.

முதல் அடி கெல்வினுடையது. அண்ணனின் முதுகுத் துணி கிழிந்து, உள்ளே சிவப்புக் கோடு. அடுத்தது அண்ணன். சவுக்குச் சத்தம் வரவில்லை. தலையணையில் குத்தியது போல ஒரு 'பொப்'. அவனுடைய இரண்டாவது அடியில் கெல்வினின் சட்டை கிழிந்தது. இறகு. வெள்ளை வெள்ளையாய், அந்த வெயிலில், எல்லார் தலையிலும்.

சனம் சிரித்தது. கார்ல்ரன் சிரிக்கவில்லை.

"மெத்தைக்கை ஒளிச்சுக்கொண்டு வந்தியோ? அம்மாட்டை வராமல் ஒளிச்ச மாதிரி?"

கெல்வின் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை விடச் சவுக்கு பரவாயில்லை. வளையத்துக்குள் போனேன்.

"நான்தான் வைச்சனான்! அவனுக்குத் தெரியாது. அது என்ரை மனுசன்ரை ஜக்கெற்!"

"நீர் ஆர்?"

"தைக்கிறவள்."

"அங்காலை போம் அன்ரி, படப்போகுது."

கெல்வின் சட்டையைக் கிழித்து எறிந்தான். கண்ணாடிகள் புல்லில் நொறுங்கின. அண்ணனும் கழற்றினான். இரண்டும் வெறும் மேல். அதற்குப் பிறகு விளையாட்டில்லை.

"ஏன் பொறுக்கேல்லை?" கெல்வினின் அடி.

"அம்மா மூச்சுக்குத் திணறினவ!" அண்ணனின் அடி.

"இன்னும் பத்து நிமிஷம்தானே!" அடி.

"அந்தப் பத்து நிமிஷத்தை நீ பாத்தனியோ? நான் பாத்தனான்!"

அந்த அடி கெல்வினின் தோளைத் திறந்தது. அவன் திருப்பி அடித்ததில் அண்ணனின் புருவம் பிளந்து கண்ணுக்குள் இரத்தம். மேளக்காரனே நிறுத்திவிட்டான். கெல்வின் மறுபடியும் கையை ஓங்கினான். அண்ணன் இரத்தத்தைத் துடைக்கக்கூட இல்லை, முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றான். ஓங்கிய கை இறங்கவில்லை.

இரண்டு சவுக்கும் கீழே. எது முதலில் விழுந்தது என்று சனம் தனக்குள் வாக்குவாதப்பட்டது. அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கட்டிப்பிடித்ததோ, விழாமல் பிடித்ததோ, நான் கேட்கவில்லை.

என் காரில் ஆஸ்பத்திரி. வழியெல்லாம் எந்த றோட்டால் போவது என்று பின் சீற்றில் சண்டை. அவசரப் பிரிவில் இருவரையும் முன்னே விட்டு, சவுக்குகளைக் கையில் சுருட்டிக்கொண்டு நான் பின்னால்.

தாதி கேட்டாள்: "ஆர் உங்களை இப்பிடி அடிச்சது?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒன்றாகக் கையை நீட்டி என்னைக் காட்டினார்கள்.

காவலாளி வந்து வெளியே நிற்கச் சொன்னார். நின்றேன். மழை பெய்தது.