செருப்புக் கடையில் மதியச் சாப்பாடு

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலி தேவலையா? நான் சுகமாக இருக்கிறேன். லிஃப்ட் பழுது பார்க்கும் பயிற்சிக்காகக் கம்பெனியில் என்னைப் பெருநகரத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். "பாலக்கூட விட்டுட்டு, காத்தக் குடிச்சா உயிர் வாழ்வே?" என்று நீங்கள் கேட்பது போலத்தான் முதல் நாள் ஆகிவிட்டது.

இறைச்சி, முட்டை, பால் எதுவும் சேர்க்காத உணவகம் ஒன்றைக் கைப்பேசி காட்டியது. பசியோடு தேடிப் போனால், அங்கே செருப்புத் தைக்கும் கடை இருக்கிறது. சுற்றிலும் மாட்டுத்தோல்.

"ஓட்டலக் காலி பண்ணிட்டாங்கம்மா. உன்ன மாதிரி நிறைய பேர் வந்து முழிக்கிறாங்க," என்ற கடைக்காரர், தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். "அவிச்ச கிழங்கும் பயறும்தான். பால், நெய் எதுவும் படல. தோல் வாசன பரவாயில்லன்னா உக்காரு."

உட்கார்ந்தேன். பாதியை மூடியில் வைத்துக் கொடுத்தார். உப்பு கொஞ்சம் தூக்கல். அவர் தன் மருமகனைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டார். நான் கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன்.

அந்த உணவகம் பின் தெருவுக்கு மாறியிருப்பதை மறுநாள் கண்டுபிடித்தேன். நான்கு பேர் உட்காரும் மேசையில் என்னை மட்டும் உட்கார வைத்தார்கள். எழுந்துபோய், "ரெண்டு பேருக்குக் கட்டிக் குடுங்க," என்று வாங்கிக்கொண்டு செருப்புக் கடைக்கு நடந்தேன்.

என் பருத்திப் போர்வையை அனுப்பி வையுங்கள். இரவில் நீங்கள் எத்தனை மணிக்குச் சாப்பிட உட்காருகிறீர்கள் என்றும் எழுதுங்கள். நானும் அந்த நேரத்துக்கே தட்டெடுத்து வைத்துக்கொள்கிறேன்.

நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பேருந்து வந்துவிட்டது.

உங்கள் மகள்