பிளாப்பிக்கு வெச்ச பொட்டு

சுசீலா,

நீ நேத்துலேர்ந்து எங்கிட்ட பேசல, அதான் எழுதி வெச்சிட்டுப் போறேன். குண்டான்ல சுண்டலும் சோறும் கீது, சாப்புடு. வெளியே போனா சாவியைப் பொன்னியம்மா ஊட்ல குடுத்துட்டுப் போ.

ஆயுத பூஜைன்னு உன் பிளாப்பியைத் தண்ணி தொட்டுத் தொடைச்சு, என் சாந்துச் சட்டிக்கும் முன்னால அதுக்குத்தான் பொட்டு வெச்சேன். ரெண்டு வருசக் கம்ப்யூட்டர் படிப்புக்கு நீ கடைசியா குடுக்க வேண்டிய வேலை முச்சூடும் அதுக்குள்ள இருந்துச்சுன்னும், தண்ணி பட்டா எல்லாம் அழிஞ்சிடும்னும் தெரியல. "உனக்கு இன்னாம்மா தெரியும்"னு கேட்ட. நெசந்தான். ஆனா பரீட்சைக்கே போவ மாட்டேன்னு சொன்ன பாரு, அதான் தூங்க வுடல.

விடிஞ்சதும் மேனாம்பேட்டுல கம்ப்யூட்டர் டைப்பிங் சென்டர் வெச்சிருக்கிற உத்தமனைப் பார்த்துட்டு வந்தேன். "லீவுன்னா இன்னாக்கா, கடையைத் தொறக்கறேன், பாப்பா வந்து முதல்லேர்ந்து அடிக்கட்டும்"னான். அதுக்குப் பதிலா அவன் கடைக்குச் சுண்ணாம்பு அடிச்சுக் குடுக்கறேன்னு சொல்லிக்கீறேன். கோவத்தை எம்மேல வெச்சுக்கோ, படிப்பு மேல காட்டாத. போய் உக்காந்து அடி.

திருவேற்காட்டுல கான்கிரீட் வேலை, வர லேட்டாவும்.

அம்மா

எல்லாம் அடிச்சு முடிச்சதும் அதுல இன்னா இருக்குதுன்னு எனக்கும் ஒரு தபா காட்டு. தூரமா நின்னே பார்க்கறேன்.