முட்டைக்கு வைத்த பெயர்

மார்ச் 4
குவாரியில் நான் எடுத்த பாறைப் பலகை அருங்காட்சியகத்தில் என் மேசைக்கு வந்துவிட்டது. கடலடிச் சேறு இறுகிய ஷேல் பாறை. தொட்டால் ஏடு ஏடாக உரிகிறது. ஊசியால் சுரண்டிக்கொண்டே போனால், நடுவில் எலுமிச்சை அளவில் உருண்டையாக ஒன்று. முட்டை! அந்தக் காலத்துக் கடல் பல்லியின் முட்டை! கத்தியேவிட்டேன். காவலாளி பாம்பு என்று நினைத்துக் கம்போடு ஓடிவந்தார்.

மார்ச் 5
புதிதாகக் கண்டுபிடித்தால் பெயர் வைக்கலாம், உன் பெயரைத்தான் வைப்பேன் என்று அம்மாவிடம் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. "கோடி வருஷத்துக்கு முன்னாடி போட்ட முட்டை. என் பேரு" என்கிறாள் தையற்காரரிடம்.

மார்ச் 19
அருங்காட்சியக இயக்குநர் கூப்பிட்டார். முட்டைக்குத் தன் பெயர் வேண்டுமாம்; தானே வைத்துக்கொண்டால் அசிங்கமாம். அதனால் ஆராய்ச்சிக் கட்டுரையை நான் எழுதி, அவர் பெயரை நான் வைக்க வேண்டுமாம். "நானா கேக்கலம்மா. நீயா ஆசைப்பட்டு வைக்கிற."
என் வேலையை நிரந்தரமாக்கும் கோப்பு அவர் மேசையில்தான் இருக்கிறது. அதன் மேல் காப்பிக் கோப்பையை வைத்திருந்தார். தலையாட்டிவிட்டு வந்தேன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 20
அம்மாவிடம் சொன்னேன். அதிலிருந்து பேச்சில்லை. தட்டை மட்டும் ணங்கென்று வைக்கிறாள்.

ஏப்ரல் 11
உருண்டையின் ஓரத்தில் ஏதோ மின்னியது. மீன் செதில். முட்டையில் மீன் செதிலுக்கு என்ன வேலை? இயக்குநரிடம் ஓடினேன்.
"ஸ்கேன் பண்ணிட்டு கட்டுரைய அனுப்பலாம் சார்."
"கடல்னா மீன் இருக்காதா? வேற யாராவது முந்திக்குவாங்க. இன்னிக்கே அனுப்பு."
அனுப்பினேன்.

ஜூன் 2
கட்டுரை அச்சில் வந்துவிட்டது. இயக்குநர் முட்டை வடிவக் கேக் வெட்டினார். எனக்கு நிரந்தர ஆணையும் கொடுத்தார். அம்மாவிடம் காட்டினேன். "உங்க சார்கிட்டயே காட்டு" என்றாள்.
என்ன பண்ணியிருக்கணும் நான்? வேலைய விட்டுட்டு வந்திருக்கணுமா? அவ பேர வித்துத்தான வாங்கினேன் — அழுகையா வருது.

ஜூலை 15
ஸ்கேன் முடிவு வந்தது. உள்ளே கரு இல்லை, வெளியே ஓடும் இல்லை. கடித்து நொறுக்கிய மீன் முள், செதில், பாதி செரித்த மிச்சம். முட்டையாவது ஒன்றாவது! கடல் பல்லி காலைக்கடனைக் கழித்திருக்கிறது.
இயக்குநர் கதவைச் சாத்தினார். "பேர மாத்திடலாம்."
"முடியாது சார். அச்சான பேர வச்சவங்களே நெனச்சாலும் மாத்த முடியாது. விதி."
"எவன் சொன்னான்?"
"நீங்கதான் சார். போன வருஷம் எங்களுக்கு எடுத்த வகுப்புல."

ஜூலை 16
சாப்பிடும்போது அம்மாவிடம் மெல்லச் சொன்னேன்.
"என்னது, பீயா?"
சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டினேன். எத்தனை நாளைக்குப் பிறகு அவளைத் தொடுகிறேன்!

ஆகஸ்ட் 9
அம்மா தையற்காரரைக் கூட்டிக்கொண்டு அருங்காட்சியகத்துக்கே வந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டி முன் நின்று இயக்குநர் பெயரைச் சத்தமாகப் படித்தாள்.
"உங்க பேருன்னு சொன்னீங்களேம்மா?" என்றார் தையற்காரர்.
"எம் பொண்ணுக்குப் பெரிய மனசு. சாருக்கு விட்டுக் கொடுத்துட்டா."
வாசல் வரை போனவள் திரும்பி வந்து என் காதில் சொன்னாள்:
"அடுத்தது கெடச்சா மொதல்ல ஸ்கேன் எடு. அப்புறம் என் பேர வை."