செவ்வாயில் நிற்கும் சந்தனம்

13 ஜூன் 1938
பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்தால் அப்பா நாற்காலியில் பால்பாண்டி உட்கார்ந்திருக்கிறான். பெரியப்பா மகன். தேனி ஏலக்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறவன். அப்பா பாதியில் விட்டுப்போன செவ்வாய்க் கிரகத் தொடர்கதையை இனி இவன் எழுதப் போகிறானாம். மதுரைப் பத்திரிகைக்காரரும் சரி என்றுவிட்டாராம். "சித்தப்பாவுக்குக் கொள்ளி வச்சது நாந்தானக்கா. காடு கரை கேக்கல. கதைய மட்டும் குடு."

பெண்பிள்ளை கொள்ளி வைக்கக் கூடாது என்று என்னைச் சுடுகாட்டுக்கே விடவில்லை. இப்போது அதையே உரிமையாகச் சொல்கிறான். என்ன நியாயம் இது?

15 ஜூன்
அப்பா நிறுத்திய இடம்: சந்தனம் செவ்வாயில் தனியாக நிற்கிறாள். ஆகாயக் கப்பலின் எஞ்சின் கெட்டுவிட்டது. குப்பியில் காற்று குறைகிறது. அதை எழுதிய வாரம்தான் அப்பா படுத்தார்.

அவள் அங்கேயே நிற்கட்டும். அப்பா எழுதாததை வேறு யாரும் எழுத வேண்டாம்.

3 ஜூலை
வந்துவிட்டது பால்பாண்டியின் அத்தியாயம். கருப்பசாமி வெள்ளைக் குதிரையில் செவ்வாய்க்குக் கிளம்பிவிட்டாராம், சந்தனத்தைத் தூக்கிவர. அங்கே குதிரை எதைச் சுவாசிக்கும்? எஞ்சினைப் பற்றி நாலு வரி எழுதுவதற்காகப் போடி ரயிலில் எஞ்சின்காரரோடு கரி பூசிக்கொண்டு போய்வந்த மனிதர் அப்பா. அவர் கதையில் குதிரை.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. வாரா வாரம் நான்தான் படித்துக் காட்டுவேன். இன்றைக்கும் படித்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு. புளி உடைத்துக்கொண்டே கேட்டாள்: "சாமி வந்துட்டாரா?"

"வந்துக்கிட்டு இருக்காரு."

"வரட்டும்" என்றாள், நிம்மதியாக. அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

6 ஜூலை
வாரிசுகளுக்குச் சம்மதமில்லை, கதையை நிறுத்துங்கள் என்று பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். மனைவி என்ற முறையில் அம்மாவின் கைநாட்டு வேண்டும். "என்ன காயிதம்?" என்றாள். அப்பா கதை விஷயம் என்றேன். பெருவிரலை நீட்டிவிட்டாள்.

பொய் சொல்லவில்லையே நான்.

20 ஜூலை
நிறுத்திவிட்டார்கள். கதை வரும் பக்கத்தில் தைல விளம்பரம். நல்லது.

பால்பாண்டி வந்து வாசலோடு நின்றான். "எனக்குத் தெரிஞ்ச வழியிலதான் காப்பாத்தப் பாத்தேன். அந்தப் புள்ளைய அங்கனயே விடச் சொல்றயாக்கா?" போடா என்றேன். போய்விட்டான்.

அம்மாவிடம் இந்த வாரம் பத்திரிகை வரவில்லை என்று சொல்லிவைத்தேன்.

28 ஜூலை
எத்தனை வாரம்தான் வரவில்லை என்று சொல்வது? நின்றுவிட்டது என்று சொன்னேன்.

"ஆரு நிறுத்துனது?"

"நாமதான். நீயும் கைநாட்டு வச்சயே."

அம்மா சத்தம் போடவில்லை. "அவுக போனதத்தான் தடுக்க முடியல. அந்தப் புள்ளையாச்சும் வீடு வந்து சேரும்னு இருந்தேன். அதையும் நிறுத்த என் கைநாட்டையே வாங்கிட்டயே ஆத்தா." சாப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை.

ஏன், எனக்கு மட்டும் அப்பா சாகலையா? அவர் பேரைக் காப்பாத்தணும்னுதானே செஞ்சேன்? கதையில வர்ற பொண்ணு நெசமில்லன்னு இவளுக்குத் தெரியாதா — எனக்குத்தான் தெரியுதா? தெரிந்தால் குதிரை வந்ததற்கு ஏன் அப்படிக் கோபப்பட்டேன்?

30 ஜூலை
இன்றும் அம்மா பேசவில்லை.

4 ஆகஸ்ட்
மத்தியானம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பத்திரிகையை விரித்தேன். கதையைத் திரும்பப் போட ஆரம்பித்துவிட்டார்கள் என்றேன். அவள் புளி உடைத்துக்கொண்டே இருந்தாள். படித்தேன்.

சந்தனம் கப்பலுக்கு அடியில் படுத்துக்கொண்டு எஞ்சினைப் பிரித்தாள். மணல் அடைத்திருந்த குழாயைக் கழற்றி ஊதினாள். முடுக்கிப் பார்த்தாள். அசையவில்லை. மறுபடியும் கழற்றினாள். அம்மா புளியைக் கீழே வைத்துவிட்டாள். நான் வெகுநேரம் படித்துக்கொண்டே இருந்தேன். எஞ்சின் ஒருமுறை இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது.

"அவுக இப்பிடி எழுத மாட்டாக" என்றாள் அம்மா. பிறகு, "இம்புட்டு நேரமா ஒரு பக்கம்கூட நீ திருப்பல."

என் கண் அந்தத் தைல விளம்பரத்திலேயே இருந்தது.

"திருப்பு. வீட்டுக்கு வரணும்ல அவ. மேல படி."

திருப்பினேன்.