ஏறிக்கொண்டே போகும் எண்

ஸாரியா,
வியாழக்கிழமை பகல்.

அக்கா ரக்கியாவுக்கு,

தலாத்து சலாம் சொல்லி எழுதுவது. அகதேஸில் நீயும் நீ மறுபடி கட்டிக்கொண்ட வீட்டுக்காரரும் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்டுக்கொள்கிறேன். ஒரே புருஷனுக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டில் இருந்த ஆறு வருஷத்தில் உன்னை நான் அக்கா என்று கூப்பிட்டது இரண்டு தடவை இருந்தால் அதிகம். இப்போது கூப்பிடுகிறேன். கோபத்தில் பாதியிலேயே கிழித்துப் போட்டுவிடாதே.

உன் வீட்டுக்காரர் போன் நாலு நாளாக அணைந்தே கிடக்கிறது. அதனால்தான் லாரிக்கார ஈரோவிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். போன தடவை அவனிடம், உன் மகள் லுபாபாவுக்குப் பெண் குழந்தை, தாய்க்குக் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது என்று மட்டும் சொல்லச் சொன்னேன். கொஞ்சம் இல்லை அக்கா. ஏழு நாளாகப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். படுக்க முடியாது, முதுகுக்கு மூன்று தலையணை அண்டக்கொடுத்து உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறாள். சேர்த்தபோது கால் இரண்டும் உரலாக வீங்கியிருந்தது. பிள்ளை பெற்ற பலவீனத்தில் இதயம் தளர்ந்துபோய், நுரையீரலில் நீர் கோத்துவிட்டதாம். நம் பக்கத்துப் பெண்களுக்கு இது நிறைய வருகிறது என்று டாக்டர் மைரோ சொல்கிறாள். உன்னைப் போலவே கறாரான பொம்பளை.

குழந்தை நன்றாக இருக்கிறது. மாப்பிள்ளை ஸுபைருவின் தங்கையிடம் விட்டிருக்கிறோம். டப்பாப் பால்தான். நெற்றியும் மூக்கும் உன்னுடையவை. சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அப்படித்தான் இருக்கிறது.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

தலைப்பிரசவத்துக்கு நம் வழக்கப்படி அவள் என் வீட்டுக்கு வந்தாள். நாற்பது நாள் குளியல் ஆரம்பித்தேன். காலையும் மாலையும் கொதிக்கிற தண்ணீரில் வேப்பங்கொத்தை முக்கி உடம்பில் அடிப்பது, பிறகு கன்வா உப்பைக் கரைத்த கம்பங்கூழ். உனக்கும் அப்படித்தான் செய்தார்கள், எனக்கும் அப்படித்தான். ஸுபைரு பள்ளிக்கூட வாத்தியார் இல்லையா, முதல் நாளே வந்து நின்றான். "மாமி, குளிப்பாட்டுங்க, வேணாங்கல. கொதிக்கிற தண்ணி மட்டும் வேணாம்" என்றான். சரி சரி என்று தலையை ஆட்டி அனுப்பிவிட்டு நான் அடுப்பை மூட்டினேன்.

பதினெட்டாம் நாள் தண்ணீரை இறக்கிக் கொஞ்சம்கூட ஆறவிடவில்லை. அடித்த முதல் அடியிலேயே அலறினாள். "சின்னம்மா, எரியுது, விடுங்க!" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கத்தாதடி, தெருவுக்கே கேக்குது. புள்ள பெத்தவளுக்கு இதுகூடத் தாங்கலன்னா எப்படி?" இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். தேன் தடவித் துணி சுற்றினேன். அதிலிருந்து அஞ்சாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது.

ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றியதும் நீர் இறங்கியது, கால் வீக்கமும் வடிந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் தினமும் காலையில் இரத்தம் எடுத்து ஒரு எண் பார்க்கிறார்கள். உடம்புக்குள் எங்காவது அழற்சி இருந்தால் அது இரத்தத்தில் ஏறுமாம். நல்ல உடம்பில் பத்துக்குள் இருக்கும். இவளுக்கு வந்த அன்று நாற்பத்தாறு. பிறகு எழுபத்தொன்று. பிறகு நூற்றுப் பதினெட்டு. "இதயம் தளர்ந்தாலே கொஞ்சம் ஏறும்மா. ஆனா வீக்கம் வடியுது, இது மட்டும் ஏறுதே! எங்கயோ ஒண்ணு இருக்கு. அதைக் கண்டுபிடிக்கலைன்னா இந்த இதயம் தாங்காது" என்றாள் டாக்டர். நுரையீரலைப் படம் எடுத்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள், வயிற்றையும் மார்பையும் அழுத்திப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

எப்படி அகப்படும்? உடம்பு துடைக்க வந்த நர்ஸை நான்தான் கிட்டே விடவில்லை. "எங்க பொண்ணை நாங்களே தொடைச்சுக்கறோம், நீ போம்மா" என்று விரட்டினேன். போர்வைக்குள்ளேயே துணியை மாற்றினேன். நாற்றம் வர ஆரம்பித்ததும் அத்தர் தெளித்தேன். இப்படி ஒரு பாவி இருப்பாளா?

நேற்று டாக்டர் அவளிடமே நேராகக் கேட்டாள்: "உடம்புல எங்கயாவது புண்ணு, வெந்த காயம் இருக்கா?" அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "ஒண்ணுமில்ல டாக்டர்" என்றாள். நான் போர்வையை இழுத்துவிட்டேன். டாக்டர் போனதும் மூச்சைப் பிடித்துப் பிடித்து என் காதில் சொல்கிறாள்: "புள்ளையோட அப்பாவுக்குத் தெரிஞ்சா உங்களை வீட்டுப்படி மிதிக்க விடமாட்டார், சின்னம்மா. புள்ளையைக்கூடப் பாக்க விடமாட்டார்." சாகக் கிடப்பவள் எனக்காகப் பயப்படுகிறாள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அதைவிட உன்னை நினைத்துப் பயந்தேன். என் மகளை மாற்றாந்தாய் வேண்டுமென்றே வேகவைத்தாள் என்றுதானே சொல்வாய்? உன் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன்.

இன்று காலை நூற்று அறுபத்து மூன்று. எண்ணைச் சொன்னபோது டாக்டரின் முகத்தைப் பார்த்தேன். ஸுபைரு பக்கத்திலேயே நின்றான். அவன் இருக்கும்போதே போர்வையைத் தூக்கிக் காட்டினேன். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "எத்தனை நாளாச்சு?" என்று கேட்டாள். பன்னிரண்டு நாள் என்றேன். உடனே ஆளைக் கூப்பிட்டுக் கறுத்த சதையை வெட்டிச் சுத்தம் செய்தார்கள், புது மருந்து ஏற்றுகிறார்கள். பிழைப்பாளா என்று கேட்டேன். "நாளைக்கு ரத்தம் பாப்போம். எண் இறங்கினா பேசுங்க, இப்ப என்னை ஒண்ணும் கேக்காதீங்க" என்றாள். ஸுபைரு வெளியே போய் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான்.

ஈரோ சாயங்காலம் கிளம்புகிறான். சனிக்கிழமை வந்து சேர்வான். திரும்பும்போது உன்னை ஏற்றிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். என்னைச் சபிப்பதென்றால் இங்கே வந்து, என் முகத்தைப் பார்த்துச் சபி. பெற்ற தலைச்சன் பிள்ளையின் பெயரைச் சொல்ல, பக்கத்தில் உட்கார வெட்கம் என்று நம் பெண்கள் ஒதுங்கி நிற்பார்களே, அதை நாட்டு எல்லையிலேயே விட்டுவிட்டு வா.

காய்ச்சலில் கண்ணை மூடியபடி "அம்மா, அம்மா" என்று முனகுகிறாள். இங்கேதான் இருக்கிறேன் என்று கையைப் பிடித்தேன். கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "சின்னம்மாவா?" என்றாள். மறுபடி மூடிக்கொண்டு அம்மா என்கிறாள். நீ பிரிந்து போனதிலிருந்து பதினான்கு வருஷம் வளர்த்தேன், அந்தப் பெயரால் என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அது உன்னைத்தான் அக்கா. அல்லாஹ் நீ வரும்வரை அவளை வைத்திருக்கட்டும். வா.

தலாத்து