வேலாத்தாளும் ஆறு இலக்க எண்ணும்

நல்லூர், திருப்பூர்
ஞாயிறு காலை

அன்புள்ள இந்து,

நானும் அப்பாவும் இங்கே குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம். நார்வேயில் உன் பெர்கன் ஊரில் மழை விட்டதா, அதைவிட முக்கியமாக உன் இருமல் விட்டதா என்று எழுது. வீடியோவில் கேட்கலாம்தான், ஆனால் திரையில் முக்கால் பங்கை அப்பா எடுத்துக்கொள்கிறார், மீதியில் மின்விசிறி தெரிகிறது, எனக்கு இடமில்லை. அவருடைய முழங்கால் வலிக்கு டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். சொன்ன சொல் தவறாமல் பேக்கரி வரை நடக்கிறார், இரண்டு பப்ஸ் சாப்பிட்டுவிட்டு ஆட்டோவில் திரும்புகிறார். அதை விடு. இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததன் காரணம், உன் அம்மா தொழில்நுட்பத் தலைவி ஆகியிருக்கிறாள். சிரிக்காதே, அதற்கு நீதான் காரணம்.

அருள்புரம் காப்பகம் உனக்குத் தெரியும், பனியன் கம்பெனிக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற இடம். அங்கே குடிதண்ணீரைச் சோதித்துச் சொன்ன குற்றத்துக்காக என்னை அறங்காவலர் குழுவில் சேர்த்ததும் தெரியும். போன மாதம் ஒரு வெளிநாட்டு உதவி அமைப்பு, மூன்றாண்டுத் தொழில்நுட்பத் திட்டம் ஒன்று எழுதுங்கள், அதை வழிநடத்துபவர் யாரென்றும் சொல்லுங்கள் என்று கேட்டது. குழுவில் ஏழு பேர். ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். தலைவர் குமாரசாமி, இருநூறு தையல் மிஷினோடு பனியன் கம்பெனி நடத்துகிறவர், "நம்ம அம்மிணி பொண்ணு வெளிநாட்டுலதானுங்களே இருக்குது, கம்ப்யூட்டரெல்லாம் ஊட்லயே பழக்கமா இருக்குமுங்க" என்றார். அவள் அங்கே ஆராய்ச்சிக்காக மீன் மேல் ஒட்டும் பேன்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்றேன். "அதையும் கம்ப்யூட்டர்லதானுங்க எண்ணுவாங்க" என்றார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது, என் மனத்தை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. ஐந்து முறை துவைத்துப் பார்க்காமல் எந்தச் சாயத்துக்கும் கையெழுத்துப் போடாதவள் நான், என்னிடம் போய் இதைக் கொடுத்தார்கள்.

கோவையிலிருந்து சிவராஜ் என்றொரு பொறியாளர் செயலியுடன் வந்தார். பொறுமைசாலி, அது நமக்குத் தேவைப்பட்டது. நம் ஆட்களுக்கு எதை வாங்கினாலும் சட்டை ஆர்டர் போலத்தான். குமாரசாமி சாம்பிள் கேட்டார், மூன்று கலரில் கேட்டார், திரையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு குழந்தையை ஒப்படைக்கும்போது அழுத்துகிற பச்சைப் பொத்தான் கிளிப்பச்சையா இலைப்பச்சையா என்பதில் ஒரு மணி பத்து நிமிடம் போயிற்று. முடிவு எட்டாமல், எங்கள் சாயப்பட்டறை ஆய்வகத்தில் நிறம் பார்க்கும் விளக்குப் பெட்டிக்குள் டேப்லெட்டை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்றார்கள். வைத்துப் பார்த்தேன் என்பதை உன்னிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். கிளிப்பச்சை. இந்தச் செயலியை யார், எங்கே நின்று, எந்த நேரத்தில் பயன்படுத்துவார்கள் என்று கேட்க நேரமில்லை, டீ வந்துவிட்டது.

செயலி செய்வது இவ்வளவுதான். பிள்ளையை அழைத்துப்போக யாராவது வந்தால் தாயின் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று போகும், வந்தவர் தாயைக் கூப்பிட்டு அதைக் கேட்டுச் சொல்ல வேண்டும், சொன்னால் கேட் திறக்கும். அப்படியானால் பதினொரு வருடமாகக் கேட்டில் நிற்கிற வேலாத்தாள் தேவையில்லை, நான் சனிக்கிழமை கையெழுத்துப் போட்டதும் அவளை அனுப்பிவிடலாம் என்றார் குமாரசாமி. எனக்குச் சுருக்கென்றது. பக்கத்திலிருக்கும் தையல் கண்ணுக்குத் தெரியவில்லை என்று ஒரு கம்பெனி நிறுத்திய பிறகுதான் அவள் இங்கே வந்தாள், இனி வேறெங்கும் எடுக்கமாட்டார்கள். ஆனாலும் எனக்கு வேலாத்தாள் மேலும் முழு நம்பிக்கை கிடையாது. மாரியம்மன் பொங்கலுக்கு அவள் இரண்டு நாள் ஊருக்குப் போனபோது யாரிடம் யாரைக் கொடுப்பதென்று தெரியாமல் காப்பகமே தடுமாறியது, பட்டியல் மொத்தமும் அவள் தலைக்குள் இருக்கிறது. ஆகவே ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து என்றேன். அந்த ஒரு வாரம் வேலாத்தாள் கேட்டில் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்றும் சொன்னேன். சோதனை சோதனையாக இருக்க வேண்டுமே.

திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு குமாரசாமி ஒரு கூடை லட்டுடன் வந்தார். கப்பல் ஏற்ற வேண்டிய சரக்கு இருந்ததால் அன்றைக்கு எட்டரை வரை ஓவர்டைம், தாய்மாருக்குப் பதில் அப்பா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர் என்று கேட்டில் இருபத்தொன்பது பேர். சிவராஜ் பொத்தானை அழுத்தினார். எண்கள் போயின. எல்லோரும் தாய்மாருக்குப் போன் போட்டார்கள், ஒருத்தியும் எடுக்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்து, இந்து, எனக்கு விளங்கியது, குமாரசாமிக்கும் அதே நொடியில் விளங்கியிருக்க வேண்டும், முகத்தில் தெரிந்தது. தையல் லைனுக்குள் போன் போகக் கூடாது, காலையில் வாசலிலேயே வாங்கி வாட்ச்மேன் அறையில் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். சட்டம் போட்டவர் அவர். குழுவில் இன்னும் மூன்று பேர் கம்பெனியிலும் அதே பெட்டி. எனக்கும் சாக்கு இல்லை, பட்டறையில் என் போனும் மேஜை இழுப்பறைக்குள்தான் கிடக்கும். பச்சையைப் பார்த்த நேரத்தில் இதைப் பார்த்திருக்கலாம்.

குமாரசாமி தன் கம்பெனி வாட்ச்மேன் சின்னானைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். "பொட்டி பூராக் கத்துதுங்க மொதலாளி, கோயில் திருவிழாவாட்ட இருக்குது" என்றான் சின்னான். பெட்டியைத் திறந்து எண்ணைப் படி என்றார். "பொட்டியில கைய வெச்சாச் சீட்டுக் கிழிஞ்சிரும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க. எழுதிக் குடுங்க, தொறக்கறேன்." இவர் திட்ட, அவன் திறந்து படிக்கத் தொடங்கினான், எது யார் போன் என்று அவனுக்குத் தெரியாது, எண்களும் பத்து நிமிடத்தில் செத்துவிடும் என்று சிவராஜ் மெதுவாகச் சொன்னார். உள்ளே பிள்ளைகள் ஒவ்வொன்றாக அழத் தொடங்கின. லட்டு தீர்ந்தது. வேலாத்தாள் ஓரமாக நாற்காலியில், கைகளை மடியில் வைத்து, கல்யாண வீட்டில் சம்பந்தி மாதிரி உட்கார்ந்திருந்தாள். "ஏ வேலாத்தா, நீ கொஞ்சம் பாரு" என்றார் குமாரசாமி. "எனக்கு இந்த வாரம் வாய் இல்லீங் சாமி. அம்மிணி உத்தரவு" என்றாள். உத்தரவை நான் வாபஸ் வாங்கினேன். பதினைந்து நிமிடத்தில் இருபத்தெட்டுப் பிள்ளைகள் போய்விட்டன.

ஒன்று மிஞ்சியது. அன்புசெல்வியின் மகன், நான்கு வயது. கூப்பிட வந்தவள் அவர்கள் வரிசை வீட்டில் புதிதாகக் குடிவந்த ஒடிசாப் பெண், இந்திதான் பேசுகிறாள். பையன் அவளைப் பார்த்துச் சிரித்தான், ஓடினான். வேலாத்தாள் குறுக்கே நின்றாள். "லட்டுக் குடுத்தா இவன் போலீஸ்காரங்கூடயும் போவான். இந்தம்மாளை எனக்குத் தெரியாது, அவனாத்தா சொல்லோணும்." குமாரசாமி தன் கம்பெனிக்கே போன் செய்து அன்புசெல்வியிடம் பேச வேண்டும் என்றார். லைனை நிறுத்த முடியாது, யாருக்கு வந்த போனையும் கொடுக்கக் கூடாது என்பது முதலாளி உத்தரவு என்று சூப்பர்வைசர் வைத்துவிட்டார், பேசுவது முதலாளியேதான் என்று குரலில் அடையாளம் தெரியவில்லை. கடைசியில் தலைவரே காரை எடுத்துக்கொண்டு போய் அன்புசெல்வியைக் கூட்டிவந்தார். நாற்பது நிமிடம்.

வெள்ளி வரை உட்கார்ந்து திட்டத்தை ஒரே பக்கத்தில் எழுதினேன். காப்பகத்துத் தாய்மார் உள்ள ஒவ்வொரு லைனிலும் ஒரு போன், காப்பகம் கூப்பிட்டால் சூப்பர்வைசர் தாயிடம் கொடுக்க வேண்டும். யார் யாரை அழைத்துப்போகலாம் என்பது வேலாத்தாள் தலையிலிருந்து சிவராஜ் செயலிக்கு இறங்க வேண்டும். கேட்டில் வேலாத்தாள் நிற்பாள். அடியில் குமாரசாமிக்கு இரண்டு கையெழுத்து, தலைவராக ஒன்று, கம்பெனி முதலாளியாக ஒன்று. சனிக்கிழமை படித்துவிட்டு, "ஏனுங்க அம்மிணி, இது டெக்னாலஜி பிளானுங்களா, யூனியன் நோட்டீசுங்களா?" என்றார். முதல் கையெழுத்தை உடனே போட்டார். இரண்டாவது இல்லாமல் என் கையெழுத்து இல்லை என்றேன். லைனில் போன் விட்டால் பீஸ் வராது, தைத்து இறங்கும் எண்ணிக்கை குறையும் என்றார். முதலாளி தினமும் காரில் தாய்மாரைக் கூட்டிவந்தாலும் பீஸ் வராது என்றேன். யாரோ சிரித்தார்கள். குமாரசாமி பேனாவை மூடித் திறந்து, இரண்டாவது கையெழுத்தையும் போட்டார்.

இது நடந்து எட்டு நாள் ஆகிறது. முந்தாநாள் அதே ஒடிசாப் பெண் வந்தாள், நான் அங்கே இருந்தேன். செயலியில் அவள் படம் வந்தது, கிளிப்பச்சை எரிந்தது, லைனுக்குப் போன் போட்டார்கள், மிஷின் இரைச்சலுக்கு நடுவில் அன்புசெல்வி "ஆமாங்க்கா, குடுத்துருங்க" என்று கத்தினாள். சிவராஜ் கேட்டைத் திறக்கப் போனார். வேலாத்தாள் அவர் கையைத் தட்டிவிட்டு, போனில், "இரு சாமி. அன்புசெல்விதான்னு நான் எப்புடி நம்பறது? உம்மவனுக்கு முட்டியில காயம் எந்தக் கால்ல, சொல்லு பாக்கலாம்" என்றாள். மிஷின் சத்தத்துக்கு மேல் அன்புசெல்வியின் பதில் வந்தது. "வலது கால்லீங்க்கா. ரெண்டு பிளாஸ்டர் போட்டுருக்கறேன்." வேலாத்தாள் குனிந்து பையனின் முட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டைத் திறந்தாள். சிவராஜ் டேப்லெட்டை ஓரமாக வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வேலாத்தாள் கேட்ட கேள்வியை எழுதிக்கொண்டார்.

அப்பா சிவன்மலையில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்திருக்கிறார், பலன் தெரிந்தால் அவரிடம் சொல், என்னிடம் வேண்டாம். என் பங்குக்கு நான் சொல்வது, உடம்புக்கு ஒன்றும் வராமல், எடுத்த வேலை கைகூடி, நல்லபடியாக இரு. மறக்காமல் இந்த வாரமே டாக்டரிடம் போய் நெஞ்சைக் காட்டு, மீனுக்குக் காட்டும் அக்கறையில் கால் பங்கு போதும்.

உன் அம்மா,
சாரதாமணி